பாய்மரந் தாங்கும் உறுப்புக்கள்

மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சியிலே புயலிற் சிக்கிய நாவாய் ஒன்று வருகின்றது. கட்டுத்தறியை விட்டு நீங்கித் திரியும் மதயானைக்கு உவமையாக வந்த அந்நாவாயின் அழிவைப் புலவர் ஒரு முறைவைத்துக் கூறுகின்றார். முதலில் இறுகப் பிணித்த வலிய கயிறு அறுகின்றது. அடுத்துப் பாய் சிதைகின்றது. அதன் பின்னரே கூம்பு, அஃதாவது பாய்மரம், அடியிலே முறிகின்றது. கடற்றொழில் அறிந்தார் எவரும் இம்முறையை மாற்றிச் சொல்லார். பாய்மரம் தன் வலியாலே நிற்பதன்று. அதனைப் பிடித்து நிறுத்துவன வேறு உள. அவை போயினால் மரமும் போம்.

கயிறு நின்ற இடத்திலே இன்று உருக்குக் கம்பிவடம் நிற்கின்றது. மரம் நின்ற இடத்திலே அலுமினியக் குழாய் நிற்கின்றது. எனினும் முறை மாறவில்லை. நெடுங்கடலோடும் சிறு பாய்ப்படகுகளிற் பாய்மரம் வீழ்ந்த செய்திகளை ஆராயின், மரத்தின் குறையாலே வீழ்ந்தன சிலவே. விரலளவான ஓர் ஆணியோ, வடத்தின் முனையிற் பூட்டிய ஒரு குழலோ, தளத்தினூடே இறங்கும் ஒரு தகடோ முறிந்தமையால் வீழ்ந்தன பல. ஆதலின், பிறர் ஓட்டிய பழைய படகொன்றை விலைகொள்ளக் கருதுவோன் கூர்ந்து நோக்கவேண்டியவை இச்சிற்றுறுப்புக்களேயாம்.

பழைய பாய்க்கலத்தை விலைகொள்ளும் வழக்கம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. ஸ்வாப் என்னுஞ் சிறு படகிலே 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன், வல்வெட்டித்துறையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி என்னும் இரட்டைப் பாய்மரக் கப்பலை வாங்கினார். புளோரன்ஸ் சீ. றொபின்சன் என மறுபெயர் பெற்ற அக்கப்பலை வல்வை மாலுமிகள் செலுத்திச் சென்று, 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் மாசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறையிற் சேர்த்தனர். (ஸ்வாப் என்ற பெயரும் கனவைக் குறிக்கும் வடசொல்லடியாகப் பிறந்ததே.) அக்காலத்தில் மரக்கலம் வாங்குவோன் முதலில் அஞ்சியது மரத்தின் உளுப்பையும் கடற்புழுவையும். இக்காலத்துப் படகின் உடலோ பெரும்பாலும் கண்ணாடியிழையும் பிசினுஞ் சேர்த்து வார்க்கப்பெற்றது. அதனைப் புழு அரிப்பதில்லை. செவ்வனே பேணின் அரை நூற்றாண்டு கடந்தும் நிற்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள லிமிங்ரன் என்னும் ஊரில் 1971 முதலாகக் கட்டப்பட்ட கொன்ரெசா 32 என்னும் படகினம். 32 அடி நீளமுள்ள இவ்வினத்தில் பல நூறு படகுகள் கட்டப்பட்டன. 1979ஆம் ஆண்டு பாஸ்ற்நெற் ஓட்டப்போட்டியின்போது எழுந்த புயலிலே, புறப்பட்ட 303 படகுகளுள் 85 மட்டுமே ஓட்டத்தை முடித்தன. போட்டியாளர் 15 பேர் மாண்டனர். மிகச் சிறிய படகுகளின் வகுப்பிலே ஓட்டத்தை முடித்தது ஒன்றே. அஸென்ற் என்னும் அது ஒரு கொன்ரெசா 32. இத்தகைய புகழுடைய படகொன்று ஐம்பது ஆண்டு முதுமையோடு விற்பனைக்கு வரும்போது வாங்குவோர் மனம் அதன் உடலின் உறுதியை எண்ணி மகிழும். ஆனால் உடலுக்கு ஐம்பது வயது என்பதனாலே வடங்களுக்கும் ஐம்பது வயது ஆகலாகாது. உடலும் வடமும் ஒரே வேகத்தில் மூப்படைவன அல்ல. விற்பனை விளம்பரங்களிற் படகின் வயது தவறாது கூறப்படும். வடங்களின் வயது கூறப்படுவது அரிது.

வடங்களின்மேல் ஏறும் சுமை எவ்வளவு என்பதைச் சிறு கணக்கொன்றாற் காணலாம். பாய்மரத்தின் உச்சியைக் காற்றானது பக்கவாட்டில் 100 கிலோகிராம் நிறையளவு விசையோடு தள்ளுகின்றது எனக் கொள்க. பக்கத்துத் தாங்குவடம் மரத்தோடு 30 பாகைக் கோணம் அமைக்குமாயின் அதில் ஏறும் இழுவை 200 கிலோகிராம். ஆனால் படகோ ஒடுங்கியது, மரமோ உயர்ந்தது. ஆதலின் அக்கோணம் 12 பாகையளவிலேயே அமைதல் பெருவழக்கு. 12 பாகையின் சைன் 0.208, எனவே இழுவை 480 கிலோகிராமுக்கு மேலாகின்றது. அன்றியும் ஏறத்தாழ 470 கிலோகிராம் விசை மரத்தைக் கீழ்நோக்கி நெருக்குகின்றது. மரத்தினின்று புறப்படும் குறுக்குக் கைகள் வடத்தை வெளியே தள்ளி நிறுத்துவதும் இக்கோணத்தைப் பெருக்குதற்பொருட்டே. உச்சியிற் பட்ட சிறு தள்ளு வடத்தில் ஐந்து மடங்காக இறங்குகின்றது என்பதும், அவ்வளவும் வடத்தின் அடிமுனையில் உள்ள ஓர் ஆணியினூடாகவே படகின் உடலைச் சேர்கின்றது என்பதும் மனங்கொள்ளத்தக்கன.

ஆயினும் வடம் இச்சுமைக்கு அஞ்சுவதன்று. இத்தகைய படகுகளில் வழங்கும் 6 மில்லிமீற்றர்க் கம்பிவடம் 19 தனிக்கம்பிகளாலாயது: நடுவில் ஒன்று, அதனைச் சூழ ஆறு, அவற்றைச் சூழப் பன்னிரண்டு. புதிதாயிருக்கையில் இது 3,000 கிலோகிராமுக்கு அண்மையான இழுவையிலேயே அறும். அங்ஙனமாயின் எங்கே கேடு விளைகின்றது? அதனை அறிதற்கு வடத்தின் பொருளை அறிதல் வேண்டும்.

சணற்கயிறும் தென்னங்கயிறும் தம் நோயை மறைப்பனவல்ல. புரியைச் சற்று விரித்தால் உள்ளே கறுத்திருத்தல் தெரியும். மூக்கிலே மக்கல் நாற்றம் படும். கையிலே தூள் உதிரும். 1834ஆம் ஆண்டில் யேர்மனியின் ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் அல்பேட் என்பார் இரும்புக் கம்பியாலே வடம் முறுக்கிப் பயன்படுத்தினார். சின்னாளிற் கம்பிவடம் கப்பல்களிலும் ஏறியது. இரும்பும் தன் நோயைச் செந்துருவாக வெளியே காட்டியே சாகும். 1913ஆம் ஆண்டில் இங்கிலாந்துச் செபீல்ட் நகரத்து ஹரி பிறியர்லி குரோமியங் கலந்த உருக்கினை ஆக்கிய பின்னர், அவ்வினத்தைச் சேர்ந்த கறையில் உருக்குக்கள் படிப்படியாகப் படகுகளிலும் புகுந்தன. இவற்றின் இயல்பு வேறு. பளபளப்பு மாறாமலே முறிந்துபோகக்கூடிய பொருள் இது. பழைய படகை ஆராய்வோர் ஏமாறுவது பெரும்பாலும் இதனாலேயே.

கறையில் உருக்குத் துருப்பிடியாமை அதன் இயற்கையன்று. அதன் மேற்பரப்பிலே படரும் ஒட்சைட்டுப் படலத்தின் காவலாகும். உருக்கில் நூற்றுக்குப் பத்தரைப் பங்குக்குக் குறையாது குரோமியம் இருப்பின், அது காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத மெல்லிய போர்வையொன்றை இடுகின்றது. போர்வை கீறப்படின் ஒட்சிசன் உள்ளவரை அது தானே மூடிக்கொள்ளும். கடலில் வழங்கும் 316 என்னும் வகையிலே 2 முதல் 3 வீதம் மொலிப்டினமும் சேர்க்கப்படுவது உப்பின் தாக்கத்தைக் குறைத்தற்பொருட்டு. ஆனால் ஒட்சிசன் புகாத ஒடுங்கிய இடுக்கிலே உப்புநீர் தங்குமாயின், கிழிந்த போர்வை மீண்டும் மூடாது. உப்பிலுள்ள குளோரைட்டு அவ்விடத்தை அரித்து உட்செல்லும்; அரிப்பு முன்னேற முன்னேற அவ்விடுக்கிலுள்ள நீரும் புளித்து அமிலமாகி, கேட்டினை விரைவுபடுத்தும். மழையும் காற்றும் தாராளமாகப் படும் இடத்திற் பளபளப்பு. அவை படாத இடத்திற் பிளவு. எனவே ஆராய்வோன் தேடவேண்டியது துருவையன்று. நீர் புகக்கூடியதும் காற்றுப் புகமுடியாததுமான இடங்களையே.

இரண்டாவது பகை உலோகக் களைப்பு. படகு சாயும்போது காற்றுப்பக்கத்து வடம் விறைக்கின்றது. மறுபக்கத்து வடம் தளர்ந்து அலைகின்றது. திசை மாறும்தோறும் இவ்விறைப்பும் தளர்ச்சியும் இடம்மாறும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் அஃது ஒடிவதுபோல, அறும் சுமையினும் மிகக் குறைந்த சுமையே எண்ணிலாத முறை ஏறியிறங்குவதனால் உலோகத்திலே நுண்ணிய பிளவு தோன்றி வளர்கின்றது. அசைவு திடீரென நிறுத்தப்படும் இடத்திலேதான் பிளவு பிறக்கும். வளையும் வடம் வளையாத குழலினுட் புகும் வாயே அவ்விடம்.

இவ்விரு பகைகளும் ஒருங்கு கூடும் இடம் வடத்தின் அடிமுனை. வடத்தின் முனை உலோகக் குழலொன்றினுட் புகுத்தப்பட்டு, பேரழுத்தத்தால் நெருக்கப்பட்டிருக்கும். மேல்முனைக் குழலின் வாய் கீழ்நோக்கியிருத்தலின் நீர் வடிந்துவிடும். அடிமுனைக் குழலின் வாயோ வானம் பார்த்த கிண்ணம்போன்றது. வடத்தின் வழியே இறங்கும் உப்புநீரெல்லாம் கம்பிகளின் இடைவெளியூடாக அதனுட் சென்று தங்கும். ஆதலின் அடிமுனைகளை முதலில் நோக்குக. குழலின் வாயிலே பழுப்பு நீர்க்கசிவு உண்டா? மயிரிழை போன்ற நெடுக்குப் பிளவு உண்டா? குழல் நேராகவன்றி வாழைக்காய்போல் வளைந்துளதா? பத்து மடங்கு பெருக்கும் உருப்பெருக்கிக் கண்ணாடி இதற்கு இன்றியமையாதது. கண்ணாடியினும் மலிவான கருவி பஞ்சு. வடத்தின்மேற் பஞ்சை வைத்து மெல்ல இழுத்துச் சென்றால், அறுந்த கம்பி இருக்குமிடத்திலே நார் சிக்கித் தங்கும். வெறுங்கையாற் தடவுதல் தகாது. அறுந்த முனை தூண்டில்முள்போற் கிழிக்கும். பத்தொன்பதில் ஒரு கம்பி அறுந்திருப்பினும் அவ்வடம் தள்ளத்தக்கது. எஞ்சிய பதினெட்டும் சுமைக்குப் போதுமே என்று கணக்குச் சொல்வது பிழை. ஒன்றை அறுத்த காரணம் மற்றவற்றையும் அறுத்துக்கொண்டிருக்கும். அவ்வடத்தோடு ஒரே நாளிற் பூட்டப்பெற்ற ஏனைய வடங்களும் ஐயத்துக்குரியனவே.

வடத்தின் கீழே அதனை இறுக்கும் ரேண்பக்கிள் உண்டு. அதன் திருகு வளைந்திருத்தலும், புரிகள் தேய்ந்திருத்தலும், போதிய புரி உள்ளே புகாதிருத்தலும் குற்றம். உடலும் திருகும் ஒருங்கே கறையில் உருக்காயின் சுமையின்கீழ்த் திருப்பும்போது ஒன்றையொன்று பற்றி இறுகிவிடுதல் உண்டு. வெண்கல உடலில் உருக்குத் திருகு அமைந்தது மேலானது. அதன் அடியிலே இருதிசையும் அசையக்கூடிய மூட்டு இருத்தல் வேண்டும்; இல்லையேல் வடத்தின் ஒவ்வோர் அசைவும் திருகை வளைக்கும். ஆணிகள் தத்தம் துளைகளுக்கு ஒத்த பருமனுடையனவா, துளைகள் முட்டைவடிவாக நீண்டுளவா, ஆணி கழலாமற் காக்கும் கொட்டர்பின் ஒவ்வொன்றும் உண்டா என்று பார்த்தல் எளிது. எளிதென்பதனாலேயே பலர் பார்ப்பதில்லை. பாயைக் கிழிக்காதிருக்க இவ்விடங்களிற் சுற்றியிருக்கும் ஒட்டுநாடாவை அகற்றியே நோக்குதல் வேண்டும். அந்நாடாவும் நீரைத் தேக்கி ஒட்சிசனை மறுக்கும் பொருளே.

யாவற்றினும் கொடியது தளத்தினூடாக இறங்கிப் படகின் உடலோடு பிணையும் தகடு. அதன் மேற்பகுதி வெளியிலே மின்னிக்கொண்டிருக்கும். கீழ்ப்பகுதி அறையினுள்ளே அலமாரியின் பின்னால், அதுவும் மாசின்றி, மரத்தடுப்போடு திருகப்பட்டிருக்கும். இவ்விரண்டிற்கும் நடுவே, தளத்தின் தடிப்பினுள் மறைந்து கிடக்கும் இரண்டு மூன்று சென்ரிமீற்றரே நோயின் இருப்பிடம். தளத்துத் துளையைச் சுற்றிப் பூசிய அடைப்புப்பசை சில ஆண்டுகளில் விட்டுப்போகும். வடம் இழுக்குந்தோறும் தகடு சிறிது அசைதலே அதற்குக் காரணம். அவ்வழியே சென்ற நீர் தளத்தின் உள்ளீடான மெல்லிய மரத்தை நனைத்து மக்கச் செய்யும். ஈரமான அம்மரம் தகட்டை ஓயாது தழுவிக்கொண்டிருக்கும், காற்றோ அணுகாது. ஆண்டுகள் பல கழிந்தபின் தகட்டைக் கழற்றி எடுத்தவர்கள், பாதிக்குமேல் அரிபட்டு, கையால் ஒடிக்கத்தக்க நிலையில் அதனைக் காணுதல் அரிதன்று. வெளியிலே நின்று நோக்கிய எவரும் இதனை அறிந்திருத்தல் இயலாது.

குறிகள் சில உள. மரத்தடுப்பில் இறங்கிய பழுப்புக்கோடு, தகட்டைச் சூழ்ந்த மரத்தின் கறுப்பு, தளத்தைச் சிறு சுத்தியலாற் தட்டும்போது அவ்விடத்தில் மட்டும் எழும் மந்தவொலி, புதிது புதிதாக அடுக்கிப் பூசப்பட்ட பசை ஆகியவை. பசையின்மேற் பசையைக் கண்டால் ஒழுக்கு நெடுங்காலத்தது என்று கொள்ளலாம். ஆனால் குறி இன்மை குற்றமின்மைக்குச் சான்றாகாது. தகட்டைக் கழற்றிப் பார்த்தலே சான்று. விற்போர் சிலர் இதற்கு உடன்படார். ஒன்றையேனும், மிகுந்த ஐயத்துக்குரியதையேனும், வாங்குவோன் செலவிற் கழற்றி மீளப் பூட்ட இசைவு கேட்பது முறையானது. அதுவும் மறுக்கப்படின் எல்லாத் தகடுகளும் புதிதாக்கப்பட வேண்டியன எனக் கொண்டே விலை பேசுதல் வேண்டும். சில படகுகளிலே தகடுகள் கண்ணாடியிழையினுள்ளே முற்றாகப் பொதியப்பட்டிருக்கும். அவற்றை அறுத்தாலன்றிக் காணமுடியாது. அமைத்தவர் அதனை உறுதியென எண்ணினர்போலும்; பின்வருவோர்க்கு அது பூட்டிய பெட்டியாயிற்று.

முன்வடத்துக்கும் மறைவு உண்டு. முன்பாயைச் சுருட்டும் பொறி பூட்டிய படகுகளில் அவ்வடம் முழுவதும் அலுமினிய உறையினுள்ளே கிடக்கும். அதன் அடிமுனையைச் சுருள் உருளை மறைத்துவிடும். உச்சியிலே பாயை ஏற்றுங் கயிறு வடத்தைச் சுற்றிக்கொள்ளுமாயின், சுருட்டும் ஒவ்வொரு முறையும் வடம் முறுக்கப்பட்டுக் கம்பிகள் அறும். ஆகவே பொறி இலேசாகச் சுழல்கின்றதா என்பதும், உச்சியிற் கயிறு வடத்தைவிட்டு விலகிச் செல்கின்றதா என்பதும் நோக்கற்பாலன.

மேலேறி நோக்குதலும் வேண்டும். ஆசனமொன்றிலே அமர்ந்து, ஒன்று அறினும் மற்றொன்று தாங்குமாறு இரு கயிறுகளாலே உயர்த்தப்பட்டு ஏறுவர். குறுக்குக் கைகளின் அடியும் நுனியும், உச்சிக் கப்பிகள், வடங்கள் மரத்தைச் சேரும் துளைகள் ஆகியன அங்கே காணத்தக்கன. குறுக்குக் கை தன் நுனியில் வடம் அமைக்கும் கோணத்தைச் சரிபாதியாகப் பிரித்து நிற்றல் வேண்டும். தாழ்ந்து தொங்குமாயின் சுமை ஏறும்போது வழுவும். அலுமினிய மரத்தோடு கறையில் உருக்கு நேரே தொடுமிடங்களில் வெண்பொடி காணப்படும். உப்புநீரின் நடுவே இரு உலோகங்கள் மின்கலம்போல் இயங்கி, அலுமினியம் கரைந்துகொண்டிருப்பதன் அடையாளம் அது. மரத்தின் அடி படகின் அடியறைவரை இறங்கி நீரில் நிற்குமாயின் அங்கும் இவ்வெண்பொடியைத் தேடுக. தளத்தின்மேல் நிற்கும் மரமாயின், அதன் கீழே சுமையை ஏற்கும் தூண் தாழ்ந்துளதா, அறைக்கதவுகள் இறுகுகின்றனவா என்று காண்க. கதவு மூடாமை அற்பக் குறைபோல் தோன்றினும் தளம் அமிழ்ந்தமையின் அறிகுறியாகலாம்.

ஐயமுற்ற உறுப்பிலே பிளவு உண்டோ என்று துணிதற்குச் சாயச்சோதனை உதவும். உறுப்பை நன்கு துடைத்துச் சிவப்புச் சாயத்தைப் பூசிச் சிலநேரம் ஊறவிடுவர். பின்னர் மேற்சாயத்தைத் துடைத்து நீக்கி வெண்பூச்சொன்றை இடுவர். பிளவினுட் புகுந்த சாயம் மீண்டு வெண்மையிலே செங்கோடாக எழும். கண்ணாடிக்குந் தெரியாத பிளவை இது காட்டும். ஆனால் மேற்பரப்புவரை வந்த பிளவையே காட்டும். குழலினுள் மறைந்த அரிப்பை அதனாலும் அறியமுடியாது. இக்காரணத்தால் நெடும்பயணஞ் செய்வோர் சிலர் அழுத்திய குழல்களை விடுத்து, திருகிப் பூட்டித் திறந்து பார்க்கத்தக்க முனைகளை விரும்புவர்.

மேனாடுகளிற் படகு வாங்குவோர் பயிற்சிபெற்ற பரிசோதகர் ஒருவரை அமர்த்துதலும், அவர் அறிக்கைக்கு உட்பட்டே விலையுடன்படிக்கை செய்தலும் வழக்கம். எனினும் அப்பரிசோதகருட் பலர் பாய்மரத்தில் ஏறுவதில்லை; தளத்தில் நின்று எட்டியவரையே நோக்கியதாக அறிக்கையில் எழுதிவிடுவர். அவ்வரியை வாசியாது அறிக்கையின் நற்சொற்களை மட்டும் வாசிப்போர் பலர். வடங்களுக்கெனத் தனித்தொழிலாளர் உளர். பாரந்தூக்கியால் மரத்தை இறக்கி, கிடையாக வைத்து, ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி அவர் நோக்குவதே நிறைவான சோதனை. செலவு மிகுதி என்று தயங்குவோர், மரம் கடலில் வீழ்ந்தால் நேர்வதை எண்ணிப் பார்த்தல் நன்று. வீழ்ந்த மரம் அறாத வடங்களாற் பிணிக்கப்பட்டுப் பக்கத்தே கிடந்து, அலைதோறும் படகின் உடலை இடிக்கும். உடையுமுன் எல்லா வடங்களையும் வெட்டி விடுதல் வேண்டும். மரமிழந்த படகு முன்னையினும் விரைவாக உருளும்; அடுத்த பேரலையிற் கவிழ்தலும் எளிது. 2018ஆம் ஆண்டு செப்டெம்பரில் தென்னிந்து மாகடலிலே தனியே ஓடிய இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் டோமியின் துரியா என்னும் படகு புயலில் உருண்டு பாய்மரம் இழந்தது. முதுகெலும்பு முறிந்த அவரைப் பிரெஞ்சுக் கப்பலொன்று மீட்டது. அது புயலின் வலியால் நேர்ந்தது. அத்தகைய வலியில்லாத நடுத்தரக் காற்றிலே, அரிபட்ட தகட்டாலும் அதுவே நேரலாம்.

வயதைப் பற்றிய வினாவுக்குப் பெரும்பாலார் கூறும் விடை, கம்பிவடங்களை 10 முதல் 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுக என்பது. காப்புறுதி நிறுவனங்கள் பலவும் இவ்வெல்லையை ஒட்டியே கேட்கும். வெப்பமும் உப்பும் மிக்க கடல்களில் ஓடிய படகுக்கு இக்காலம் குறுகும். ஆண்டின் பாதியிலே மரம் இறக்கி நன்னீராற் கழுவி வைக்கப்பட்ட படகுக்கு நீளலாம். விற்போன் அண்மையில் மாற்றியதென்று கூறுவானாயின் தொழிலாளர் தந்த பற்றுச்சீட்டைக் கேட்டல் வேண்டும். அச்சீட்டில் வடங்கள் மட்டும் எழுதப்பட்டுள்ளனவா, ரேண்பக்கிள்களும் ஆணிகளும் தகடுகளும் சேர்ந்துளவா என்பதையும் நோக்குக. புதுவடத்தைப் பழைய தகட்டிற் பூட்டி, எல்லாம் புதிது என்று கூறுதல் சந்தையிற் பெருவழக்கு. சீட்டு இல்லையாயின் வயது தெரியாத வடமென்றே கணக்கிட்டு, முழுவதையும் மாற்றும் செலவுக்கு வடத்தொழிலாளரிடம் எழுத்துமூலம் மதிப்பீடு பெற்று, அத்தொகையை விலையினின்று கழித்துக் கேட்பர். கைமாறிய பின்னர் மரம் இறக்கப்படும் முதல் நாளிலேயே தகடுகளையும் கழற்றிவிடுதல் சிக்கனமானது. மரம் நிற்கையிற் கழற்றின் ஒவ்வொன்றாகவே கழற்றவியலும், ஒவ்வொரு முறையும் அவ்விடத்து வடத்தின் வேலையை வேறொரு கயிற்றால் தற்காலிகமாகத் தாங்கி நிறுத்தவும் வேண்டும்.